வீட்டில் வன்முறை செய்யும் ஆண்களிடம் பேச, பணியாளர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது?

கேள்வி இதுதான்: "எங்கள் அமைப்பில் ஆலோசகர்கள், செவிலியர்கள், குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்கள், குடிமீட்புப் பிரிவினர் எனப் பலர் இருக்கிறார்கள். மனைவியை அடிக்கிற, மிரட்டுகிற ஆண்களை அன்றாடம் சந்திக்கிறார்கள். ஆனால் அந்த ஆண்களிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். பயிற்சி கொடுக்க நினைக்கிறோம். எங்கே தொடங்குவது, எதைக் கற்றுக்கொடுப்பது, எத்தனை நாள் வேண்டும்?"

பாடத்திட்டம் எழுதுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தப் பயிற்சி யாருக்காக? அறையில் இல்லாத அந்தப் பெண்ணுக்காகவும் பிள்ளைகளுக்காகவும். பணியாளரிடம் பேசிவிட்டு அந்த ஆள் வீட்டுக்குத் திரும்பும்போது அவர்களுக்கு ஆபத்து குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அவர் மனம்விட்டுப் பேசினார், அழுதார், நன்றி சொன்னார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பெண்கள் மீதான வன்முறையையும் குடும்ப வன்முறையையும் தடுப்பதற்காக 2011-இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐரோப்பிய கவுன்சிலின் இஸ்தான்புல் உடன்படிக்கையும் 16-ஆவது பிரிவில் இதையே சொல்கிறது: வன்முறை செய்தவர்களுக்கான திட்டங்களில் பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பே முதன்மை, பெண்களுக்கு உதவும் சிறப்பு அமைப்புகளோடு கைகோத்துத்தான் அவற்றை நடத்த வேண்டும்.

அதனால் பயிற்சி தேதி குறிப்பதற்கு முன் மூன்று ஏற்பாடுகள் கைவசம் இருக்க வேண்டும். முதலாவது, அந்தப் பெண்ணோடு தனியாகப் பேசக்கூடிய ஒரு பெண்கள் உதவி அமைப்போடு எழுத்துப்பூர்வமான உடன்பாடு. இரண்டாவது, எந்தத் தகவலை யாரிடம், எவ்வளவு விரைவாகச் சொல்வது என்ற விதி. மூன்றாவது, மனைவி சொன்ன எதையும் கணவனிடம் எடுத்துக்காட்டிப் பேசக் கூடாது என்ற கண்டிப்பான தடை. "நீங்க அடிச்சதா உங்க மனைவி சொன்னாங்க" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், அன்று இரவு அவளுக்கு என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். அரைகுறையாகத் தெம்பு வந்த பணியாளர், ஒன்றும் தெரியாதவரைவிட அதிகச் சேதம் செய்துவிடுவார்.

அடுத்தது, எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். செவிலியர், ஆசிரியர், வரவேற்பு மேசைக்காரர் ஆகியோரின் வேலை அடையாளம் காண்பது, நிலைமையை மோசமாக்காமல் இருப்பது, சரியான இடத்துக்கு அனுப்புவது. அவர்களுக்கு ஒரு நாள் போதும். குடிமீட்பு, மனநலம், குழந்தைப் பாதுகாப்பு, நன்னடத்தை மேற்பார்வை ஆகிய துறையினர் இந்த ஆண்களைத் திரும்பத் திரும்பச் சந்திப்பவர்கள். அவர்களுக்கு மூன்று நாள் வையுங்கள்; இரண்டு நாள் தொடர்ந்தும், மூன்றாவது நாள் நான்கைந்து வாரம் கழித்தும் இருக்கட்டும், நடுவில் பழகிப் பார்க்க அவகாசம் வேண்டும். வன்முறை செய்த ஆண்களுக்கான குழு வகுப்பை நடத்தப்போகிறவர்கள் தனி ரகம். ஐந்து நாளாவது வகுப்பு, அதன்பின் நடந்துகொண்டிருக்கும் ஒரு குழுவை ஓரமாக உட்கார்ந்து கவனிப்பது, பிறகு சில மாதங்கள் அனுபவசாலி ஒருவரோடு சேர்ந்து நடத்துவது, அதற்கப்புறம்தான் தனிப்பொறுப்பு. ஒரு நாள் பயிற்சி பெற்றவரைக் குழு நடத்த அனுப்பினால், ஆறே வாரத்தில் அந்தக் குழு 'பொண்டாட்டிகள் மீதான புகார்ப் பெட்டி'யாக மாறிவிடும்.

பாடத்தின் முதல் பகுதி, வன்முறை என்றால் என்ன என்பது. இதை நீட்டி முழக்க வேண்டாம், ஆனால் ஒரு விஷயம் ஊறிப்போக வேண்டும்: அடி என்பது வெளியே தெரிகிற ஒரு துண்டு மட்டுமே. பணத்தைக் கையில் கொடுக்காமல் இருப்பது, கைப்பேசியைத் தோண்டிப் பார்ப்பது, தாய்வீட்டுப் பக்கம் போக விடாமல் செய்வது, பிள்ளைகளைப் பறித்துக்கொள்வேன் என்பது, விருப்பமில்லாத உறவுக்குக் கட்டாயப்படுத்துவது எல்லாம் சேர்ந்து அவளுடைய வாழ்க்கையைச் சுருக்குகின்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் 1980-களின் தொடக்கத்தில் உருவான முறை, பாதிக்கப்பட்ட பெண்கள் சொன்னதைக் கொண்டே இந்தக் கட்டுப்பாட்டு உத்திகளை ஒரு சக்கரமாக வரைந்தது. அந்தச் சக்கரம் இன்றும் பயிற்சிக்கு உதவுகிறது. ஆனால் அதைச் சுவரில் ஒட்டிவிட்டு வாசித்துக் காட்டுவது பயிற்சி ஆகாது. ஒவ்வொரு ஆரத்துக்கும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்: இதைச் செய்கிற ஆள், உங்கள் முன்னால் உட்கார்ந்து இதை எப்படிச் சொல்வார்?

ஏனென்றால் அவர் "நான் கட்டுப்படுத்துகிறேன்" என்று சொல்ல மாட்டார். "கை நீண்டுடுச்சு" என்பார், கை தானாக நீண்டது போல. "சும்மா ஒரு தட்டு தட்டினேன்", "அவ வாய் அப்படி", "குடிச்சிருந்தேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல", "அடிக்கிற கைதான் அணைக்கும்", "ரெண்டு கை தட்டினாத்தானே ஓசை" என்பவை எல்லாம் நாம் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு. அதனால்தான் பணியாளரின் தலை தன்னை அறியாமல் ஆடிவிடுகிறது. மறுப்பது, குறைத்துச் சொல்வது, பழியை மாற்றுவது, சப்பைக்கட்டு கட்டுவது என்ற நான்கையும் காதில் விழுந்த உடனே பிரித்தறியும் பழக்கம் வர வேண்டும். முப்பது வாக்கியங்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கலைத்துப் போட்டு, இருவர் இருவராக வகைபிரிக்கச் சொன்னால் இருபது நிமிடத்தில் காது கூர்மையாகும்.

இனி இந்தப் பயிற்சியின் உயிர்நாடிக்கு வருகிறேன். பணியாளர்கள் இரண்டு பக்கமாகச் சறுக்குகிறார்கள். ஒன்று ஒத்தூதுவது, இன்னொன்று எகிறுவது. ஒத்தூதினால், "ஆபீசரே என் பக்கம்தான்" என்று அவர் வீட்டில் போய்ச் சொல்வார், அந்தப் பெண் இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். எகிறினால் அவர் அவமானத்தோடு எழுந்து போவார். அந்த அவமானம் இறங்குகிற இடம் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஆளை மதிப்பது, செயலை விடாமல் பிடித்துக்கொள்வது, பேச்சு எங்கே ஓடினாலும் அவர் என்ன செய்தார், அது யாரை என்ன செய்தது என்ற இடத்துக்கே கொண்டுவருவது. இது பிரசங்கத்தால் வராது, வாயால் சொல்லிச் சொல்லித்தான் வரும்.

ஓர் எடுத்துக்காட்டு. அந்த ஆள் சொல்கிறார்: "ரெண்டு கை தட்டினாத்தான் ஓசை, மேடம். அவ அன்னிக்குப் பேச்ச நிறுத்தியிருந்தா நான் ஏன் கை ஓங்கப்போறேன்?"

"வீட்டுக்கு வீடு வாசப்படி, விடுங்க" என்பது ஒத்தூதல். "அடிச்சது தப்புன்னு முதல்ல ஒத்துக்கங்க" என்பது எகிறல். "நீங்க ஏன் அப்படிப் பண்ணீங்க?" என்று கேட்பதும் உதவாது, 'ஏன்' என்ற கேள்வி சப்பைக்கட்டுக்கு விரிக்கும் பாய். இப்படிக் கேட்கலாம்: "அவங்க பேசினதச் சொன்னீங்க. இப்ப உங்க பக்கத்த மட்டும் கேக்கறேன். கை ஓங்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி நீங்க எங்க நின்னீங்க? அவங்க எங்க நின்னாங்க? பிள்ளைங்க எங்க இருந்தாங்க?" அவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார், இடத்தைக் கேட்பதில் குற்றச்சாட்டு இல்லையே. "நான் கதவுகிட்ட" என்று அவர் சொல்லும்போது அவள் வெளியே போகும் வழி அடைபட்டிருந்தது தெரியவருகிறது. அடுத்த கேள்வி: "பையன் அன்னிக்கு ராத்திரி எப்படித் தூங்கினான்?" அங்கே ஒரு மௌனம் வரும். அதை நிரப்பாதீர்கள். பணியாளர்களுக்கு மிகவும் கடினமான திறமை இந்த மௌனத்தில் வாய்மூடி இருப்பது.

பிள்ளைகளைப் பற்றிய கேள்விகள் பல ஆண்களிடம் கதவைத் திறக்கின்றன. நல்ல அப்பாவாக இருக்க வேண்டும் என்ற ஆசை உண்மையானது. அதே ஆசை, பிள்ளைகளைப் பார்க்கும் உரிமைக்காகத் திருந்தியவர் போல நடிப்பதற்கும் காரணமாகும். இரண்டையும் பயிற்சியில் சொல்லிவிடுங்கள்.

ஊக்குவிப்பு நேர்காணல் என்பது, மாற வேண்டிய காரணங்களை அந்த ஆளின் வாயிலிருந்தே வரவழைக்கும் பேச்சுமுறை. அதை ஏற்கெனவே கற்றவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. குடிப்பழக்கச் சிகிச்சைக்காக 1980-களில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் தொடங்கிவைத்த அந்த முறை, வாதம் செய்யாமல் பேச நன்றாகப் பழக்கும். ஆனால் எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லும் உத்தி இங்கே காலை வாரிவிடும். "அவங்க உங்களக் கோபப்படுத்திட்டாங்க, இல்லையா?" என்று திருப்பிச் சொன்னால் பழியை நீங்களே அவள் தலையில் வைத்துவிட்டீர்கள். "உங்களுக்குக் கோபம் வந்துச்சு. அதுக்கப்புறம் தட்டைத் தூக்கி எறிஞ்சீங்க" என்றால் கோபமும் அவருடையது, செயலும் அவருடையது. இந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் முழு மதிய நேரத்தை ஒதுக்கலாம். தகும்.

நடித்துப் பழகுவதை மூன்று மூன்று பேராக வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் அந்த ஆள், ஒருவர் பணியாளர், ஒருவர் கவனிப்பவர். எட்டு நிமிடக் காட்சி ஒன்றைவிட, ஒரே இரண்டு நிமிடத்தை மூன்று தடவை திரும்ப நடத்துவது பலன் தரும். கவனிப்பவர் மூன்றை மட்டும் எண்ணட்டும்: பணியாளர் எத்தனை தடவை தலையாட்டினார், 'ஏன்' என்று எத்தனை முறை கேட்டார், மனைவி பிள்ளைகளின் அனுபவத்தை எத்தனை தடவை பேச்சுக்குள் கொண்டுவந்தார். அந்த ஆளாக நடிப்பவர் முரடனாக நடிக்கக் கூடாது. முரடனிடம் யாரும் ஒத்தூத மாட்டார்கள். கலகலப்பாகவும் மரியாதையாகவும் பேசுகிறவர், கண்கலங்குகிறவர், இவர்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவர்கள். காட்சி முடிந்ததும் நடித்தவர் நாற்காலி மாறி உட்கார்ந்து, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, "நான் அவர் இல்லை" என்று சொல்லி வெளியே வர வேண்டும். இதைத் தவிர்த்தால் அந்தப் பேச்சின் கசப்பு அன்று முழுவதும் அறையிலேயே கிடக்கும்.

அறையில் இருப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறக்குறைய 3 பெண்களில் ஒருவர் தன் வாழ்நாளில் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறையையோ, மற்றவரின் பாலியல் வன்முறையையோ சந்தித்திருக்கிறார். இருபது பேர் பயிற்சிக்கு வந்தால் அதில் பாதிக்கப்பட்டவர் இருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வன்முறை செய்கிறவரும் இருக்கலாம். காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்பதை முதல் பத்து நிமிடத்தில் அறிவித்துவிடுங்கள். பயிற்றுநர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருப்பது நல்லது, அவர்களில் ஒருவராவது பெண்கள் உதவி அமைப்பிலிருந்து வரட்டும். ஆண் பயிற்றுநர் பெண் பயிற்றுநரின் பேச்சை இடைமறிக்கிறாரா, அவர் சொன்னதையே தான் சொல்லிக் கைதட்டு வாங்குகிறாரா என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஆபத்தை எடைபோடுவது அடுத்த பெரிய பகுதி. கொலை வரை போகக்கூடிய அறிகுறிகளை மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும்: கழுத்தை நெரித்தது, கொன்றுவிடுவேன் என்றது, ஆயுதம் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது, பின்தொடர்வது, கர்ப்ப காலத்தில் அடித்தது, கட்டாய உடலுறவு, அடங்காத சந்தேகம், வன்முறை அடிக்கடியும் கடுமையாகவும் ஆவது, தற்கொலை மிரட்டல். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் பிரிந்து போக முடிவெடுத்த காலம். பிரிந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் மிகவும் ஆபத்தான காலம். கழுத்து நெரிப்பைப் பற்றி 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, துணையால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கும் மேலாக உயர்வதைக் காட்டியது. வெளியே ஒரு தடமும் தெரியாமல் போகலாம். "கழுத்தப் புடிச்சேன், அவ்வளவுதான்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னால் பேனா அங்கே நிற்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அன்றே மருத்துவப் பரிசோதனை கிடைக்க, பெண்கள் அமைப்பு வழியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

அவர் சொல்வதை வைத்து ஆபத்தைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. இந்த விதியைச் சுவரிலேயே எழுதிப் போடுங்கள். அமெரிக்கச் செவிலியர்-ஆய்வாளர் ஜாக்குலின் கேம்பெல் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுக் கேள்விப்பட்டியல் பாதிக்கப்பட்ட பெண்ணிடம் கேட்பதற்கானது. அதை அந்த ஆணிடம் நீட்டி, 'இல்லை', 'இல்லை' என்று வந்ததால் ஆபத்து குறைவு என்று எழுதுவது பெரும்பிழை. அதேபோல, "அவ இல்லேன்னா நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று அவர் சொன்னால் அது அவருடைய உயிருக்கு மட்டுமான எச்சரிக்கை ஆகாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள், கூடவே மனைவி பிள்ளைகளை என்ன செய்வதாக எண்ணம் என்றும் கேளுங்கள். அவருக்கு மனநல உதவி, அவளுக்குத் தகவல், மேலதிகாரிக்குத் தகவல், மூன்றும் அன்றே நடக்க வேண்டும்.

இப்படிச் செய்ய வேண்டுமானால் முதல் சந்திப்பிலேயே ரகசியத்தின் எல்லையைச் சொல்லியிருக்க வேண்டும். பணியாளர்கள் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள், அவர் வாயை மூடிக்கொள்வார் என்று பயம். இப்படிச் சொல்லிப் பழகட்டும்: "நீங்க சொல்றத மரியாதையோட வெச்சுக்குவேன். ஆனா யாராவது ஒருத்தருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா, உங்களுக்கோ உங்க வீட்ல இருக்கறவங்களுக்கோ, நான் மத்தவங்ககிட்ட சொல்லியாகணும்." தெளிவாகச் சொன்னால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

யார் யாரை அடக்குகிறார் என்பதில் ஏமாந்துபோவதும் நடக்கிறது. முதலில் போலீசுக்குப் போன் செய்தவர், நிதானமாகப் பேசுகிறவர், கையில் நகக்கீறலோடு வந்தவர்தான் பாதிக்கப்பட்டவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கழுத்தை நெரிப்பவனின் கையில்தான் நகக்கீறல் விழும். ஒரு நாள் சம்பவத்தை விட்டுவிட்டுப் பல மாதங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: யார் யாருக்குப் பயப்படுகிறார்? யார் தன் நடை, உடை, நட்பு, வேலையை மாற்றிக்கொண்டார்?

செய்யவே கூடாதவற்றை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பேசக் கூடாது. அங்கே அவள் சொன்ன உண்மைக்கு வீட்டில் விலை கொடுப்பாள். கட்டாயச் சமரசத்தை இஸ்தான்புல் உடன்படிக்கையின் 48-ஆவது பிரிவும் விலக்கச் சொல்கிறது. கோபக் கட்டுப்பாட்டு வகுப்புக்கு அனுப்பி வேலை முடிந்தது என்றும் இருக்கக் கூடாது. முதலாளியிடம் அடங்கிப் போகிறவருக்குக் கோபத்தை அடக்கத் தெரியும். குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகும் என்பதும் தவறு. குடி அடியைக் கடுமையாக்கும், குடிக்குச் சிகிச்சையும் வேண்டும். ஆனால் குடிக்காத நாளிலும் அவள் பயந்துகொண்டுதான் இருக்கிறாள் என்றால் கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது. சிறுவயதில் அவர் அடிவாங்கி வளர்ந்த கதையைக் காதுகொடுத்துக் கேளுங்கள். கேட்டபின், "அன்னிக்கு உங்களுக்கு இருந்த பயம் இப்ப உங்க வீட்ல யாருக்கு இருக்கு?" என்று திரும்புங்கள்.

கொதிப்பு ஏறும்போது விலகிப் போகும் உத்தியைப் பலரும் கற்றுக்கொடுக்கிறார்கள், விதிகளைச் சொல்லாமல். ஒரு மணி நேரம் வெளியே போவது, குடிக்காமல், வண்டி ஓட்டாமல் இருப்பது, சொன்ன நேரத்துக்குத் திரும்புவது. அவள் ஒரு விஷயத்தைப் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் எழுந்து போவது விலகல் ஆகாது, அவளை வாயடைக்கும் இன்னொரு வழி. இந்த உத்தியும் விதிகளும் அவளுக்கும், அவளுடைய பணியாளர் வழியாக, தெரிந்திருக்க வேண்டும். சந்திப்பின் கடைசிப் பத்து நிமிடத்தைக் கனமான பேச்சுக்குப் பயன்படுத்தாதீர்கள். இங்கிருந்து எங்கே போகிறார், இன்று இரவு என்ன திட்டம் என்று கேட்டு, சூடு தணிந்தபின் அனுப்புங்கள்.

குறிப்பு எழுதுவதில் நடக்கும் பூசிமெழுகலுக்கு ஒரு மணி நேரம் தனியாக வையுங்கள். "தம்பதியிடையே வாக்குவாதம் முற்றிக் கைகலப்பு" என்ற வரியில் அடித்தவர் இல்லை, அடிபட்டவரும் இல்லை. "மனைவியின் கழுத்தை இரு கைகளாலும் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். நான்கு வயது மகன் கதவருகே நின்றான். 'சும்மா மெரட்டினேன்' என்றார்" என்று எழுதினால் அடுத்து அந்தக் கோப்பை எடுப்பவர் உடனே செயல்பட முடியும். பங்கேற்பவர்கள் தங்கள் பழைய குறிப்பு ஒன்றைப் பெயர்களை அழித்துக் கொண்டுவந்து மாற்றி எழுதட்டும்.

பலன் என்ன என்று நிர்வாகம் கேட்கும். பெரிதாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஆண்களுக்கான குழுத் திட்டங்கள் குறித்த ஆய்வுகள் கலவையான முடிவுகளையே தருகின்றன. பிரிட்டனில் 2015-இல் முடிவுகள் வெளியான மிராபல் ஆய்வில், உடல்ரீதியான வன்முறை வெகுவாகக் குறைந்ததாகவும், அடக்கி வைக்கும் போக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை என்றும் பெண்களே சொன்னார்கள். பயிற்சிக்கு இதில் ஒரு பாடம் உண்டு: அடி நின்றது என்று கேட்டதும் பணியாளர் கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது.

பயிற்சியின் தரத்தை "மிகவும் திருப்தி" என்று நிரப்பிய படிவங்களால் அளக்காதீர்கள். ஊக்குவிப்பு நேர்காணல் குறித்து மில்லரின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வு, பயிலரங்கோடு நின்றவர்களைவிட, அதன்பின் பின்னூட்டமோ தொடர் வழிகாட்டலோ கிடைத்தவர்களிடம் திறமை கூடியதைக் காட்டியது. பணியாளர்கள் கையாளும் ஆட்களைப் பற்றிச் சேர்ந்து பேசி அலச, மாதம் ஒருமுறை தொண்ணூறு நிமிடக் கூட்டம் வையுங்கள். இப்படிப்பட்ட ஓர் ஆள் பேசும் ஒரே ஒலிப்பதிவைப் பயிற்சிக்கு முன்பும் மூன்று மாதம் கழித்தும் கேட்க வைத்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். பத்துக் குறிப்புகளை எடுத்துப் படியுங்கள். "எங்கள் பணியாளர்கள் அந்த ஆண்களிடம் பேசத் தொடங்கியபின் அந்தப் பெண்களுக்கு நிலைமை எப்படி இருக்கிறது?" என்று பெண்கள் அமைப்பிடம் கேளுங்கள்.

கடைசியாக, வகுப்புக்கு வந்த எல்லோருக்கும் தகுதிச் சான்று கொடுக்காதீர்கள். நடித்துப் பழகும்போது மூன்றாவது முறையும் "அவங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம்" என்கிறவர், அந்த ஆணை மட்டம் தட்டுவதில் இன்பம் காண்கிறவர், இருவரையும் இப்போதைக்கு நேரடிப் பணியில் விடாமல் மேற்பார்வையில் வைத்து, ஆறு மாதம் கழித்து அதே இரண்டு நிமிடக் காட்சியை மறுபடி நடத்திப் பாருங்கள்.